அவர் வாயில் வந்த முதற்சொல்

போன வருடம் பங்குனி வெயிலில், உடுப்பிட்டியில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் வரம்பிலேயே விழுந்தார். பாரிசவாதம். உயிர் தப்பியது. வலது கை வழங்காமல் போனது. பேச்சு முற்றாக நின்றுவிட்டது.

"கதை திரும்பி வரலாம் அம்மா, வராமலும் விடலாம். பயிற்சியை விடாதேங்கோ," என்றார் டாக்குத்தர்.

சபையில் இருக்கிற சகோதரரே, விழுவதற்கு முன் பின்னேர ஜெபத்தில் அவர் ஊரில் ஒருவரையும் விடமாட்டார். காய்ச்சல்காரர், கடலுக்குப் போனவர்கள், பக்கத்து வீட்டுப் பசுமாடு வரைக்கும் வரும்.

"இஞ்சாருங்கோ, ஆமென் சொல்லுங்கோ. சோறு ஆறுது," என்று கண்ணை மூடிக்கொண்டே முணுமுணுப்பேன்.

"இஞ்சாரும், கொஞ்சம் பொறும்," என்பார். பிறகும் தொடருவார்.

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இங்கே பாரும்' என்கிற அந்த 'இஞ்சாரும்'தான் என் பெயர். அது கேட்காத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. கிணற்றடியில் நின்று ஆண்டவரோடு கோபித்தேன். "உம்மைக் கூப்பிட்ட வாயையே கட்டிப்போட்டீரே, இதென்ன ஞாயம்?" என்று கேட்டேன். கேட்டபின் பயந்துபோனேன். "கோவிக்காதையும் ஆண்டவரே. ஒருக்கா என்னை 'இஞ்சாரும்' எண்டு கூப்பிட வையும், போதும்," என்று அழுதேன்.

மாதங்கள் போயின. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை "அம்மா" என்று சொல்லச் சொல்வாள். அவருக்கு வாய் கோணும், கண்ணீர் வரும், சத்தம் வராது. ஆனாலும் பின்னேர ஜெபத்தை நான் விடவில்லை. அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்து தெரிந்த மட்டும் நானே சொல்வேன்.

ஒருநாள் கர்த்தருடைய ஜெபத்தில், ஆகாரம் கேட்கும் இடத்துக்கு வந்தேன். காலையில் கஞ்சி ஊட்டும்போது அவருக்குப் புரையேறியது நினைவுக்கு வந்துவிட்டது. மேலே சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டேன்.

அவர் நிறுத்தவில்லை. குழறிக் குழறி, நான் விட்ட இடத்திலிருந்து ஆமென் வரைக்கும் சொல்லி முடித்தார்.

"மனப்பாடமாக் கிடந்தது முதல்ல வாறது உண்டு, அம்மா," என்றாள் அந்தப் பிள்ளை.

ஓம், இருக்கலாம். அதை அந்த வாயில் இத்தனை காலம் கிடக்க வைத்தது யார்? முதற்சொல்லை நான் எனக்கென்று கேட்டேன். அது தந்தவரிடமே போனது. அதுதான் முறை என்று அன்றைக்கு விளங்கியது. 'இஞ்சாரும்' பிறகு வந்தது, தேத்தண்ணி கேட்க.

கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டில் மறுபடியும் என் கணவர்தான் ஜெபம் சொல்கிறார். ஒவ்வொரு சொல்லாக, முன்னையிலும் நீளமாக. பசுமாடும் வருகிறது. நான் பேசாமல் இருக்கிறேன். சோறு ஆறினால் ஆறட்டும்.