கிணறு விட்டுப்போன மாடலும் ஒரு ஸ்ரீரங்கப் பயணமும்

கடந்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போய் வந்தேன். கோயிலுக்கு அல்ல. பெருமாளைச் சேவிக்க வழி சொல்லும் வலைப்பதிவுகள் ஏராளமாக இருக்கின்றன. இது என்னைப் போல, காகித வரைபடங்களைக் கணினியில் முப்பரிமாண மாடலாக மாற்றிக் கொடுத்துவிட்டு, கட்டடம் எழும் இடத்தை ஒரு முறைகூடப் பார்க்காதவர்களுக்கு. ஏழு வருடத்தில் நான் பார்க்கப் போன முதல் சைட் இது. அதுவும் என்னால் பக்கத்து வீடு விரிசல் விட்ட பிறகு.

எழும்பூரில் காலை ஆறு மணி ரயில், ஏசி நாற்காலி 925 ரூபாய். திருச்சி ஜங்ஷனில் 10.25க்கு இறங்கினேன். ஆட்டோக்காரர் 300 கேட்டார். வெளியே வந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தால் பதினைந்து ரூபாய்தான். சத்திரம் பஸ் நிலையம் வழியாக ஒன்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம். காவிரிப் பாலத்தில் எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கம்பெனி அடுக்குமாடி கட்டுகிறது. போன வருடம் அங்கிருந்து வந்த அளவுத் தாள்களை ஸ்கேன் செய்து மாடல் போட்டவன் நான். ஸ்கேனைச் சுத்தம் செய்ய ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பேனாக் கோடு கறுக்கும், அழுக்கும் கறையும் மறையும். பென்சிலும் மறையும் என்பதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். பிறகு சைட்டில் டேப்லெட் கொடுத்துவிட்டு, தாள்களை மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டார்கள். காகிதமே இல்லாத முதல் சைட் என்று ஆபீசில் கேக் வெட்டினோம்.

கீழ்த்தளக் கார் நிறுத்தத்துக்குப் பள்ளம் தோண்டியபோது பக்கத்து வீட்டுக் கிணறு சரிந்தது. மாடலில் அங்கே கிணறே இல்லை. அளவெடுத்தபோது குறிக்கவில்லை என்று பழி சைட் இஞ்சினியர் குமரேசன்மேல் விழுந்தது, அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சந்தேகப்பட்டு, சுத்தம் செய்வதற்கு முந்தைய ஸ்கேனைத் தேடி எடுத்தேன். மதில் ஓரம் பென்சிலில் ஒரு வட்டம். பக்கத்தில் 'கிணறு, சுவரிலிருந்து 4 அடி' என்று குமரேசன் எழுதியிருந்தார். அதைப் போனில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் மாடலில் அந்தப் பக்கத்து வீடு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அக்கம்பக்கத்தை அப்படித்தான் போடுவோம், கதவு ஜன்னல்கூடக் கிடையாது. நேரில் அது செல்வியின் வீடு. இட்லி மாவு அரைத்து விற்கிறவர். கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. சமையலறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து, கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. கிரைண்டரை எடுத்துக்கொண்டு திருவானைக்காவலில் வாடகைக்குப் போய்விட்டார்களாம். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அவ்வளவு தூரம் வருவதில்லை. மீதிச் சாமான்களை எடுக்க அன்று வந்திருந்த அவரிடம், கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"அந்த இஞ்சினியர் சார் உள்ள வந்து, டேப் புடிச்சு அளந்துட்டு, காபி குடிச்சிட்டுத்தான் போனாரு. அப்புறம் எப்படிங்க மறப்பாரு?" என்று கேட்டார்.

மறைத்தது என் பொத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு குமரேசன் மண்ணச்சநல்லூரிலிருந்து பைக்கில் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வருடக்கணக்காகப் போனில் பேசியிருக்கிறோம், முகம் பார்ப்பது முதல் முறை. ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் சாப்பாடு, 120 ரூபாய். ரசம் நன்றாக இருந்தது, இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை. கிணற்றை அளந்தவர் தோண்டும்போது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். டேப்லெட்டில் இல்லாததால், வீட்டுக்காரர்களே இடையில் மூடிவிட்டார்கள் போல என்று நினைத்தாராம். மதில் உயரம், எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம், தாளில் குறித்தோமா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஸ்கேனைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"எழுதியிருக்கேன்," என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இத எப்ப சார் பாத்தீங்க?"

"செவ்வாய்க்கிழமைங்க."

"வியாழக்கிழமைதான் சார் கையெழுத்துப் போட்டேன், நான் குறிக்கலைன்னு. எழுதிக் கொடுத்தா கேஸ் இல்லாம விட்டுடறோம்னாங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் படத்தைத் தன் மனைவிக்கு அனுப்பச் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மாலை ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, நடந்ததையெல்லாம் ஸ்கேனோடு தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். திங்கட்கிழமை பதில் வந்தது. சைட்டில் செல்லுபடியாகும் ஆவணம் மாடல் மட்டுமே. சம்பந்தப்பட்டவர் தவறை ஒப்புக்கொண்டுவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குமரேசனுக்கு வேலை போனது போனதுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒன்றாம் நம்பர் பஸ் அடிக்கடி உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். செருப்போடு சைட்டுக்குள் விட மாட்டார்கள், ஷூ வேண்டும். மாடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்குச் சோறு போடுவதே அதுதான். ஆனால் சுத்தம் செய்யாத ஸ்கேனை ஒரு முறை வரிவரியாகப் படியுங்கள். இடத்தில் நின்று பார்த்தவர் எழுதியது பெரும்பாலும் பென்சிலில்தான் இருக்கும்.

எந்த நாள் போவது நல்லது என்று கேட்டால், தப்பைக் கண்டுபிடித்த மறுநாளே போங்கள். புதன்கிழமை ரயிலில் இடம் இருந்தது, நான் பார்த்தேன். வார நாளில் போவதென்றால் லீவு கேட்க வேண்டும், எதற்கு என்று மேனேஜரிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டேன்.