பெரிய வெள்ளியில் நிற்காத ரயில்

என் மனுசன் சந்தியோகு கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு அவரை ஏசுகிறவர்கள் என்னையும் சேர்த்தே ஏசுங்கள்.

மன்னாருக்கும் பேசாலைக்கும் இடையில் எங்கள் ஊருக்கென்று ஒரு சின்ன ஸ்ரேசன் இருந்தது. ஸ்ரேசன் என்றால் ஓர் அறை, இருக்க ஒரு வாங்கு, தகரக் கூரை, சுவரில் ஒரு மணிக்கூடு, அவ்வளவுதான். மாஸ்ரர், போட்டர், கொடி பிடிக்கிறவர் எல்லாம் என் மனுசன் ஒருவரே. ஏறுவதற்கு ஆள் இருந்தால் அவர் சிவப்புக் கொடி காட்டுவார், ரயில் நிற்கும். கொடி இல்லையென்றால் கூவிக்கொண்டு போய்விடும். கிழமைக்கு நாலு பேர் ஏறினால் பெரிய காரியம். மற்ற நேரமெல்லாம் தண்டவாளத்தில் படுத்திருக்கும் கழுதைகளைக் கலைப்பதுதான் அவருடைய உத்தியோகம். "கழுதையளின்ர ஸ்ரேசன் மாஸ்ரர்" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அவருக்கு அது உள்ளே சுடும். அதனாலேயே காக்கிச் சட்டையை நான் ஒவ்வொரு நாளும் மடிப்புக் கலையாமல் மினுக்கிக் கொடுக்க வேண்டும்.

அந்த மணிக்கூட்டில்தான் அவருக்கு உயிர். காலையில் கதிரை போட்டு ஏறிச் சாவி கொடுப்பார். அறுபத்தேழாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகை கழிந்த கிழமை, அளவு தெரியாமல் முறுக்கி உள்ளே வில்லை உடைத்துவிட்டார். ரயில்வேப் பெரிய கந்தோருக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் உடைத்தது யார் என்று கேட்பார்கள். ஆளே ஏறாத ஸ்ரேசனுக்கு மணிக்கூடு என்ன கேடு என்று மூடியும் விடுவார்கள். "எழுதாதையுங்கோ, கோயில் மணி இருக்குத்தானே" என்று புத்தி சொன்னவள் நான். என் வாயில் மண் விழ!

எங்கள் மாதா கோயிலில் மத்தியானம் பன்னிரண்டுக்குத் திரிகால செப மணி அடிக்கும். அதிலிருந்து கால் மணித்தியாலத்தில் மன்னார்ப் பக்கம் போகும் ரயில் வரும். மணி கேட்டதும் அவர் எழும்பி, சிலுவை போட்டு, செபம் சொல்லி, தொப்பியை வைத்துக்கொண்டு கொடியோடு வெளியே வருவார். மூன்று மாதம் ஒரு பிசகும் இல்லை.

பெரிய வெள்ளி வந்தது. பெரிய வியாழன் பூசையோடு வாய் மூடும் கோயில் மணி, பாஸ்கு சனி இரவு வரை திறக்காது. ஆண்டவர் பாடுபட்ட நாளில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள், அது கோயில் முற்றத்தைத் தாண்டிக் கேட்காது. வேதக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் இது தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அன்று வெயில் ஏறும் நேரம் உம்மு ஸல்மா வந்தாள். பக்கத்து முஸ்லிம் தெருப் பிள்ளை. புருசன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணன், விடத்தல்தீவில வாப்பா மௌத்தாப் போயிட்டார். பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். கோச்சியை மறிச்சுத் தாங்கோ. முகத்தை ஒருக்காப் பாத்திட்டனெண்டால் போதும்."

"யோசியாத தங்கச்சி. மறிக்கிறது என்ர பொறுப்பு. மன்னாரில இறங்கினால் பஸ் இருக்கு" என்றார் அவர்.

அவள் வாசல் நிழலில் இருந்தாள். அவர் உள்ளே வாங்கில் சாய்ந்தார். முதல்நாள் இரவு முழுக்கக் கோயிலில் கண்விழிப்பு, அன்று சொட்டுத் தண்ணீரும் படாத ஒருசந்தி நோன்பு. மணி அடித்தால் எழும்பலாம் என்று கண்ணை மூடியிருக்கிறார். நான் ஸ்ரேசனுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் குசினியில், மூன்று மணிக்குப் பிறகு குடிக்கிற கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

ரயில் கூவிய பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. ஓடி வந்து பார்க்கிறேன், ஏசுவே, மனுசன் சட்டைப் பொத்தான் திறந்தபடி, தொப்பி இல்லாமல், கொடியை விரித்துக்கொண்டு கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஓடுகிறார். ரயில் போய்விட்டது. அடுத்தது மறுநாள்தான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"கொடி காட்டினனான் தங்கச்சி. கோச்சி றைவர் கவனிக்கேல்லை."

நானாவது வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கலாம். கட்டினவள் அல்லவா, முண்டு கொடுத்தேன். "ஓம் பிள்ளை, நானும் கண்டனான். அவனுக்குக் கண் எங்கையோ."

அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் என்ன செய்யிறது அண்ணன். அல்லாட நாட்டம்" என்றாள். பெரிய வெள்ளியில் எங்கள் ஊரில் வண்டிலும் பூட்டமாட்டார்கள். முக்காட்டை இழுத்துவிட்டு, அந்த உச்சி வெயிலில் ஆறு மைல் தண்டவாள வழியே மன்னாருக்கு நடந்தாள். பஸ்ஸும் நேரத்துக்கு இல்லை. விடத்தல்தீவுக்குப் போய்ச் சேரப் பொழுது பட்டுவிட்டது. அதற்குள் வாப்பாவை அடக்கிவிட்டார்கள்.

இவருக்குச் சோறு இறங்கவில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். "அந்தப் பிள்ளையிட்டச் சொன்னனீரோ?" என்று சுவாமியார் கேட்டாராம். மணிக்கூடு உடைந்ததைக் கந்தோருக்கு எழுதக்கூடத் துணிவு வந்தது, முஸ்லிம் தெருவுக்கு நடக்க மட்டும் கால் எழவில்லை.

நாற்பதாம் நாள் அவளே வந்தாள். வாப்பாவின் பேரில் கத்தம் ஓதிக் கொடுக்கிற சோறு, துணி கட்டிய சட்டியில். "அக்கா, சூட்டோட சாப்பிடுங்கோ" என்று நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"இதைச் சாப்பிட எனக்கு யோக்கியம் இல்லை தங்கச்சி. அண்டைக்கு நான் கொடி காட்டேல்லை. நித்திரையாப் போனன். உன்னட்டப் பொய் சொன்னனான்."

ஏசுவாள், சபிப்பாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது.

"தெரியும் அண்ணன். வாசல்ல இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனான். நோன்போட படுத்திருக்கிற மனுசனை எழுப்பிறது பாவமெண்டு இருந்திட்டன். நான் கூப்பிட்டிருக்க வேணும். வாப்பாட முகத்தை நானேதான் இழந்தனான்."

சொல்லிவிட்டு நடந்தாள். நாற்பது நாளும் அந்தப் பிள்ளை எங்கள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள்! சட்டை போடாமல் வாசற்படி தாண்டாத என் மனுசன், இடுப்பில் வெறும் சாரத்தோடு அவளுக்குப் பின்னால் ஓடினார். தெருச்சனம் எல்லாம் பார்க்க, "பிழை என்ர தங்கச்சி, உன்ர இல்லை" என்று கத்திச் சொன்னாராம்.

நான் போகவில்லை. சட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்துக்குள் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு விரட்டியபோது, அவள் என் வீட்டுப் படலையில் நின்று, "போட்டு வாறன் அக்கா" என்றாள். "கவனமாப் போ பிள்ளை" என்றேன். நானும் பொய் சொன்னனான் என்று அப்போதும் சொல்லவில்லை.