மழைத் தண்ணீரைக் கடலில் கொட்ட மனம் வராதவர்

தூத்துக்குடி பஸ்ஸுக்காகப் பந்தல்குடியில் நின்றிருந்தபோது மதினியின் போன் வந்தது. "தம்பி, ஒங்க அண்ணன் போயிட்டாக" என்றார். லீவில் எம்.ரெட்டியபட்டிக்கு வந்திருந்த கருப்பசாமி அண்ணன், படகுத்துறையில் உங்களில் பலரோடு காவல் வேலை பார்த்தவர், காலையில் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார்.

துறையில் அவரையும் என்னையும் கேலி செய்யாதவர்கள் குறைவு. கரிசல்காட்டு ஆட்கள் இருவர் நீந்தவும் தெரியாமல் படகுக்குக் காவல் இருந்தால் வேறென்ன செய்வார்கள்? "முங்குனா ஒண்ணாத்தான முங்குவோம், பயப்படாதலே" என்பார் அண்ணன்.

கார்த்திகையில் ஒரு புயல் நாள். படகுகளையெல்லாம் கட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்துப் படகோடு மோதாமல் கயிறுகளைப் பார்த்துக்கொள்வதும், படகின் மேல்தட்டில் தேங்கும் மழைத் தண்ணீரை அள்ளிக் கடலில் கொட்டுவதும்தான் எங்கள் வேலை. ஊரில் அவர் மானாவாரியாக மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் வாங்கும் நேரம். ஒரு மழை விழுந்தால் பயிர் பிழைக்கும். பிழைத்தால் காவல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விடுவதென்று இருந்தார்.

படகு ஆடிய ஆட்டத்தில் நான் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தேன். அவர் தண்ணீர் அள்ளுவதும், இடையிடையே மதினிக்குப் போன் போடுவதுமாக இருந்தார்.

"அங்க பெய்யுதா?"

"மேகந்தான் ஓடுது."

மதியத்துக்கு மேல் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டை விழுந்துவிட்டதென்று பதறி எழுந்துபோய்ப் பார்த்தேன். காலி டிரம், கேன், மீன் பெட்டி, சோறாக்கும் சட்டி வரை எல்லாவற்றிலும் மழைத் தண்ணீரை நிரப்பி ஓரமாக அடுக்கியிருந்தார்.

"என்னண்ணே, படக முக்கிப்புடுவீக போலிருக்கே!"

"மனசு வரமாட்டேங்குலே. அங்க ஒரு சொட்டுக்கு வழியில்ல. நல்ல தண்ணிய எப்படிலே உப்புல கொட்டுறது?"

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இருவருமாக ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலில் கவிழ்த்தோம். கவிழ்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் மதினி, மேகம் கலைந்துவிட்டதாகச் சொன்னார். "சரி, மாட்ட அவுத்துச் சோளத்துல மேய விட்டுரு" என்று போனை வைத்தார் அண்ணன். பிறகு ஊரோடு போகும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அந்தச் சோளக்காட்டிலேயேதான் அவரை அடக்கம் செய்தோம். மண் இறுகிப்போய் மண்வெட்டி இறங்கவில்லை. டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊறவிட்டுத்தான் குழி வெட்ட முடிந்தது. நானும் குடம் குடமாக ஊற்றினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அவருடைய பழக்கம் ஒன்று எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. துறையில் மழை பிடித்தால் கை தானாகப் போனை எடுக்கிறது. நேற்றும் எடுத்தேன்.

"அங்க பெய்யுதா மதினி?"

"பெய்யுது தம்பி" என்றார். "அவுக நனைவாகளேன்னு இருக்கு."