மடியில் கிடந்த துடுப்பு

பருமனான ஆட்கள்தான் முதலில் ஏற வேண்டும். அவர்கள் ஃபுல்பேக். ஆதம்பாவா முழங்காலளவு தண்ணீரில் நின்று, தோணியின் விளிம்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இருத்துவார். "மொதலாளி, நீங்க பின்னுக்கு வாங்க. ஃபுல்பேக் முன்னுக்கு ஓடினா நமக்குத்தான் கோல் விழும்." கோழிக்கூடையும் கையுமாக வரும் பெண்களுக்கு நடு இடம். மெலிந்த பள்ளிக்கூட வாத்திமார் இரண்டு ஓரமும். ஒருவர் லெஃப்ட் அவுட், மற்றவர் ரைட் அவுட். எல்லாருக்கும் பின்னால், கோலி நிற்கும் இடத்தில், இடுப்பில் அகலமான பச்சை பெல்ட்டோடு துடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் இருப்பார்.

அதற்குப் பிறகு கரை சேரும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. எழும்பினால் ஃபவுல். ஒருநாள் பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர், கரை வந்துவிட்டது என்ற நினைப்பில், தொப்பியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "ஐயா, விசில் இன்னும் ஊதேல்ல" என்றார் ஆதம்பாவா. இன்ஸ்பெக்டர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். கிண்ணியாத் துறையில் அந்தச் சட்டத்துக்குப் பெரியவர் சிறியவர் இல்லை.

உதைபந்தாட்டப் பைத்தியம் அவருக்கு வெள்ளைக்கார நேவிக்காரரால் பிடித்தது. இளந்தாரியாக இருந்த காலத்தில் துறைமுகத்துக்கு மீன் கொண்டுபோவார். மாலையில் அங்கே நேவிக்காரர் காற்சட்டையோடு பந்தடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்று, வெறுங்கூடையை எங்கே வைத்தோம் என்பதையே மறந்துவிட்டு வீட்டுக்கு வருவார். நேவிக்காரன் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கப்பலேறிப் போனான். பைத்தியம் மட்டும் போகவில்லை. எந்த நாட்டு அணி இலங்கைக்கு ஆட வந்தாலும் அதன் பெயரை அவர் கேட்பதில்லை. அவர் வாயில் எல்லாரும் 'வந்தவன்'தான். "வந்தவன் நல்லா அடிக்கிறானாம், ஆனா ஓட ஏலாதாம்" என்று கேள்விப்பட்டதைச் சொல்வார்.

அவருடைய பெரிய பழக்கத்தை இனித்தான் சொல்ல வேண்டும். கொழும்பில் உதைபந்தாட்ட மெச் பார்க்கப் போன கிண்ணியா ஆட்கள் ரயிலால் இறங்கி, பஸ் பிடித்து, விடிந்த கையோடு அக்கரைத் துறைக்கு வந்து சேர்வார்கள். ஆதம்பாவா அவர்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார். ஏற்றுவார், இருத்துவார், வலிப்பார். நடுத் தண்ணீருக்கு வந்ததும் துடுப்பைத் தூக்கி, ஈரம் சொட்டச் சொட்ட மடியில் குறுக்கே கிடத்திவிடுவார்.

"இனிச் சொல்லுங்க."

முழு மெச்சையும் சொல்லி முடிக்கும்வரை தோணி அசையாது. வென்றோம், தோற்றோம் என்று ஒரு சொல்லில் தப்பிக்க முடியாது. அந்தப் பந்தை ஆர் குடுத்தது, எந்தக் காலால் அடிச்சது, அந்த நேரம் காத்து எந்தப் பக்கம் என்று பிடுங்கிப் பிடுங்கிக் கேட்பார். வாத்திமாருக்குப் பள்ளிக்கூடம் பிந்தும். கோழிகள் கூடைக்குள் கத்தும். ஆனாலும் ஒருவரும் வாய் திறந்து குறை சொன்னதில்லை, ஏனென்றால் அவர்களுக்கும் கேட்க வேண்டும். கேட்டு முடிந்த கதையை அடுத்த பயணத்தில் அடுத்த ஆட்களுக்கு ஆதம்பாவா சொல்லும்போது, அது இன்னொரு மெச்சாக இருக்கும். நேரில் பார்த்தவர்களே அவருடைய தோணியில் ஏறி, தாங்கள் பார்த்த மெச்சை அவர் வாயால் கேட்டு ரசித்திருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் கொழும்புக்கு ஒருதரமும் போனதில்லை. கேட்டால், "தோணிய ஆரு பாக்கிற?" என்பார். அது ஊருக்குச் சொல்லும் காரணம். உள்ள காரணத்தைத் தன் தங்கை நஜ்முன் நிஸாவுக்கு மட்டும் ஒருநாள் சொன்னார். "கதையில வாற கோல் தப்பாது தங்கச்சி. சொல்லுறவனுக்கு முடிவு தெரியும். கண்ணால பாக்கக்குள்ள அப்பிடியில்ல. பந்து எங்க போகுமெண்டு அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். என்ட நெஞ்சு அதத் தாங்காது." தண்ணீரில் சுழலுக்கும் காற்றுக்கும் பயப்படாத ஆள், பந்து கம்பத்துக்கு வெளியே போய்விடுமோ என்று பயந்தார்.

அந்தப் பயத்தைச் சோதிக்கத் தங்கையின் மகனே வந்து வாய்த்தான். ஸஹாப்தீன் சிறுவயதிலேயே வாப்பாவை இழந்த பிள்ளை. துறையடி மணலில் பந்தடித்து வளர்ந்தவன். அவன் தண்ணீருக்குள் அடித்த பந்துகளை எல்லாம், "இது பந்தா, மீனா?" என்று முணுமுணுத்துக்கொண்டு தோணியில் போய் எடுத்துக் கொடுத்தவர் மாமாதான். கொழும்பில் வேலை கிடைத்துப் போனவன் அங்கேயும் ஆடினான். போன வருடம் ஒரு பின்னேரம், இலங்கை அணியில் ரைட் அவுட்டாக அவனை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியோடு வந்து நின்றான். "மாமா, நீங்க வரணும்" என்றான். ஆதம்பாவா தோணிக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டே "பாப்பம்" என்றார். நஜ்முன் நிஸா அண்ணனை விடவில்லை. "எனக்குப் போக ஏலாது காக்கா. வாப்பா இல்லாத பிள்ள. நம்மட ஆளெண்டு ஒரு முகத்த அவன் அங்க பாக்க வேணாமா? நீங்களாவது போய்ப் பாத்திட்டு வாங்க."

ஊரிலோ வேறு கதை நடந்தது. அதற்கு முந்திய மெச்சில் இலங்கை ஐந்து கோல் வாங்கித் தோற்றிருந்தது. போனவர்கள் ரயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வந்து சேர்ந்தார்கள். நடுத் தண்ணீரில் அந்த மெச்சைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. துடுப்பு மடியில் கிடந்து காய்ந்தே போனது. அதனால் இந்தமுறை போவதா விடுவதா என்று கிண்ணியா ரசிகர்கள் இழுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பின்னேரம் அவர்கள் எல்லாரும் அக்கரையில் ஒன்றாக வந்து ஏறினார்கள். அவர்களுக்குத் தலைவர் புடவைக்கடை முஹம்மது தம்பி. நல்ல பருமன், கையில் குடையில்லாமல் வெளிக்கிடமாட்டார். கோலிக்கு முன்னால் அவருக்கு நிரந்தர இடம். தோணி வெளிக்கிட்டதும் விவாதம் தொடங்கியது.

"இந்தமுறையும் அஞ்சு வாங்கினா?"

"றேடியோவில கேட்டாப் போதும். தோத்தா நிப்பாட்டிப்போடலாம்."

"பிள்ளைக்கு மனவருத்தமாப் போகுமே."

"தோக்கிறதப் பாக்கவா ரயிலேறிப் போற?"

ஆதம்பாவாவுக்குக் கோபம் ஏறினால் துடுப்புத் தண்ணீரைப் பலமாக அறையும். அன்று அறைந்த அறையில் முஹம்மது தம்பியின் முதுகு நனைந்தது. நடுத் தண்ணீர் வந்தது. துடுப்பு மடிக்குப் போனது.

"போறதா, இல்லையா? முடிவச் சொல்லுங்க. சொன்னாத்தான் தோணி கரைக்கு வரும். நம்மட ஊர்ப் பிள்ள நாட்டுக்கெண்டு எறங்குறான். அவன்ட பேரச் சொல்லிக் கத்த அங்க ஒரு வாய் வேணாமா? வெண்டாத்தான் வருவமெண்டா நாமெல்லாம் என்ன சனம்?"

முஹம்மது தம்பி மெதுவாகத் திரும்பினார். சிரிக்கவில்லை.

"சரி, நாங்க போறம். நீங்க வாறீங்களா காக்கா?"

"தோணிய ஆரு..."

"அதக் கேக்கல்ல. வாறதா, இல்லையா. நீங்களும் முடிவச் சொல்லுங்க." சொல்லிவிட்டுத் தன் குடையை எடுத்து மடியில் குறுக்கே கிடத்தினார் முஹம்மது தம்பி. மற்றவர்களுக்கும் விளங்கிவிட்டது. ஒருவர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தார். இன்னொருவர் செருப்பைக் கழற்றி வைத்தார். ஆதம்பாவா துடுப்பைத் தூக்கப் பார்த்தார். அதன் நுனியில் புடவைக்கடைக்காரரின் கனத்த கை கிடந்தது.

தன் தோணியில் தானே அகப்பட்டுக்கொண்டார் மனிதர். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். வெயிலைப் பார்த்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போவதும், ஸஹாப்தீன் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பதும் அவர் கண்ணுக்குள் ஓடின.

அந்த நேரம்தான் கிண்ணியாப் பக்கமிருந்து மைக்கலின் தோணி வந்தது. மைக்கல் அக்கரைத் துறைக்காரர். அவருக்கும் ஆதம்பாவாவுக்கும் பேச்சுவார்த்தை நின்று கனகாலம். காரணம் சொத்தோ சண்டையோ இல்லை. கிண்ணியாவுக்கும் அக்கரை டவுனுக்கும் நடந்த ஒரு மெச்சில் விழுந்த கோல் ஒஃப்சைட்டா இல்லையா என்பதுதான். தோணிகள் எதிர்ப்படும்போதெல்லாம் மைக்கல் லைன்ஸ்மன் கொடி காட்டுவதுபோல ஒரு கையை உயர்த்துவார். ஆதம்பாவா மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். அன்று கை உயரவில்லை. எதிர்த் தோணியில் எல்லாருடைய மடியிலும் ஏதேதோ கிடப்பதைக் கண்டு மைக்கல் பக்கத்தில் வந்து ஒட்டினார். விஷயத்தைக் கேட்டார். பிறகு முஹம்மது தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த மனிசனைப் போகச் சொல்லுங்கோ. ரெண்டு கரையையும் நான் பாக்கிறன்."

மைக்கலும் அந்த மெச்சுக்குப் போகத்தான் இருந்தார். பயணத்துக்கென்று புதுச் சேர்ட் தைக்கக் கொடுத்திருந்தது இரண்டு கரைக்கும் தெரியும். ஆதம்பாவாவுக்கும் தெரியும். அத்தனை காலத்துக்குப் பிறகு அவர் மைக்கலோடு வாய் திறந்தார்.

"நீங்களும் போறதெண்டுதானே இருந்தீங்க?"

"எனக்கு அங்க மருமகன் இல்லையே. நீங்க போட்டு வாங்கோ. ஆனா திரும்பி வரேக்க என்ர தோணியிலதான் ஏறோணும்."

ஆதம்பாவா தலைப்பாகையைத் திரும்பக் கட்டினார். "ஓம்" என்றார். அந்தச் சொல் எந்தக் கேள்விக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. முஹம்மது தம்பி குடையை மடியிலிருந்து எடுத்தார்.

ஆதம்பாவா பெட்டிக்குள் கிடந்த பெருநாள் சாரத்தை உடுத்துக்கொண்டு, தங்கை கிண்டிக் கொடுத்த தொதல் பலகாரத்தையும் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். போனாரே தவிர, பார்த்தாரா? முதல் பாதி முழுக்க இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். "என்ன நடக்குது? சொல்லுங்க, ஆரிட்ட பந்து?" என்று பக்கத்திலிருந்த முஹம்மது தம்பியை அரித்தெடுத்தார். மைதானத்துக்குள்ளேயே இருந்துகொண்டு மெச்சைக் கதையாகக் கேட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். வந்தவன் முதலில் ஒரு கோல் போட்டான். பிறகு இலங்கை ஒன்று போட்டது. இரண்டையும் அவர் காணவில்லை. இரண்டாம் பாதியில் முஹம்மது தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. குடையை மடியில் கிடத்தினார்.

"இனிச் சொல்லமாட்டன். பாருங்க."

"தம்பி, ஆரிட்ட பந்து?"

"உங்கட மருமகனிட்ட."

ஆதம்பாவா கைகளை எடுத்தார். கீழே, வெயிலில், துறையடி மணலில் ஓடிய அதே கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவருக்கே தெரியாமல் "ஸஹாப்தீன்" என்று ஒரு கூப்பாடு அவரிடமிருந்து கிளம்பியது. அக்கரைக்குக் கேட்கக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை. ஆனால் அந்தக் குரலை அவன் அறிவான், ஓட்டம் கூடியது. அதற்குப் பிறகு மெச் முடியும்வரை ஆதம்பாவா அந்தப் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்தவேயில்லை. கண்ணை ஒரு கணமும் மூடவுமில்லை.

இரண்டுக்கு ஒன்று, இலங்கை வென்றது. வெற்றிக் கோலை அடித்தவன் ஸஹாப்தீன். றேடியோவில் பெயர் வந்ததும் கிண்ணியாவில் வெடி கொளுத்தினார்கள். நஜ்முன் நிஸா குசினிக்குள் இருந்து வாய்விட்டு அழுதாள்; அழுதுகொண்டே பெரிய சட்டியில் சர்பத் கரைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தாள். ஆனாலும் அவர்களுக்குக் கிடைத்தது கோல் கணக்கு மட்டும்தான். கதை ரயிலில் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் போனவர்கள் அக்கரையில் பஸ்ஸால் இறங்கியபோது மைக்கல் தோணியோடு காத்துக்கொண்டிருந்தார். கொழும்புக்கென்று தைத்த புதுச் சேர்ட்டைத் துறையடிக்கே போட்டுக்கொண்டு வந்திருந்தார். "ஃபுல்பேக் பின்னுக்கு" என்று முஹம்மது தம்பியை இருத்தினார். ஆதம்பாவாவுக்கு நடு இடம். "சென்டர் ஃபோர்வர்ட்" என்றார். கோழிக்கூடைகளும் வாத்திமாரும் சாமான்காரரும் என்று தோணி விளிம்புவரை நிறைந்தது. அடுத்த பயணத்துக்கு ஒருவரும் நிற்கவில்லை.

நடுத் தண்ணீரில் மைக்கல் துடுப்பை எடுத்துத் தன் மடியில் கிடத்தினார்.

"இனிச் சொல்லுங்கோ."

எல்லாரும் திரும்பினார்கள். ஆதம்பாவா வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. மறுபடியும் முயன்றார், குரல் முழுவதையும் கொழும்பில் கொட்டிவிட்டு வந்திருந்தார். முஹம்மது தம்பி, "நான் சொல்லுறன், கோல் எப்பிடியெண்டா..." என்று தொடங்கினார்.

"உங்களைக் கேக்கேல்ல" என்றார் மைக்கல்.

தோணி அலையில் மெல்ல ஆடியது. ஆதம்பாவா மைக்கலின் புதுச் சேர்ட்டைப் பார்த்தார். அவருடைய மடியில் கிடந்த துடுப்பைப் பார்த்தார். பிறகு பெருநாள் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். ஒரு கையை முன்னாலிருந்த வாத்தியாரின் தோளில் ஊன்றினார். நடுத் தண்ணீரில், ஆடுகிற தோணியில், எழும்பி நிமிர்ந்து நின்று, ஸஹாப்தீனைப்போல வலது காலைப் பின்னுக்கு எடுத்தார்.