சணலால் அளந்த மரங்கள்

அடைக்கலமேரி மரத்தடிக்குப் போனதும் முதலில் செருப்பைக் கழற்றுவாள். பிறகு கைக்கு எட்டுகிற ஓர் ஓலையைப் பிடித்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, துணியைப் புரட்டிப் பார்ப்பாள். அழுக்கு ஒட்டவில்லை என்றால் அவளுக்கு நம்பிக்கை வராது. இன்னொரு ஓலையையும் துடைத்துப் பார்ப்பாள். ராயபுரத்தில், கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் போய்வரும் சாலையோரம் அறுபத்தொரு வருஷம் வாழ்ந்தவள் அவள். இலையைத் தொட்டால் கை கறுக்க வேண்டும். அதுதான் அவள் கண்ட உலகம்.

"இன்னாடா இது, இப்பதான் குளிப்பாட்டி வுட்ட மாரி கீறே" என்று மரத்திடமே சொல்வாள்.

அடுத்து இடுப்பில் செருகிய சுருக்குப் பையிலிருந்து சணல் வெளியே வரும். அதை அடிமரத்தைச் சுற்றிக் கொடுத்து, இரண்டு முனையும் சந்திக்கிற இடத்தில் பல்லால் கடித்து அறுப்பாள். அவ்வளவுதான். புகைப்படம் கிடையாது, குறிப்பு கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சணலின் முனையில் பழைய ரவிக்கைத் துணி ஒன்றைக் கிழித்து முடிவாள். பச்சைத் துணி என்றால் மைசூர். ஊதா என்றால் திருவனந்தபுரம் பக்கத்து மலைத் தோட்டம். சுவரில் ஒரே ஆணியில் முப்பத்துநான்கு சணல் கயிறுகள் தொங்குகின்றன. முப்பத்துநான்கு பனைகள். ஈச்சம்பனை, கூந்தல்பனை, பாக்குமரத்தின் தூரத்துச் சொந்தங்கள், கடல் தாண்டி வந்து தோட்டங்களில் வேர் பிடித்தவை. அவற்றின் பெயர் பாதிக்கு மேல் அவளுக்குத் தெரியாது. இடுப்பளவு தெரியும்.

தொழில், கருவாடு. காலையில் காசிமேட்டிலிருந்து வாங்கி வந்து, தெருமுனையில் சாக்கு விரித்து உட்காருவாள். நெத்திலி, வாளை, காரப்பொடி எல்லாம் அவள் சாக்கில் ராணுவம் மாதிரி வரிசையில் நிற்கும். அவளிடம் கருவாடு வாங்குபவர்கள் ருசியைப் பற்றிச் சொல்வதைவிடக் கட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். காகிதத்தில் சுருட்டி, சணலால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். அவள் கட்டிய பொட்டலம் வழியில் அவிழ்ந்ததே இல்லை.

"மேரிம்மா, கொயம்பு கொதிச்சிரும், உன் கட்டு அவுறாது" என்று ஒருத்தி கிண்டல் செய்வாள்.

"கடக்காத்து அடிக்கிற ஊரும்மா. லூசா கட்டினா உன் நெத்திலி திருவொத்தியூர் பூனைக்குதான்."

கருவாட்டு வாசனை அவளோடு ஊர் ஊராகப் பயணம் செய்தது. பெங்களூரில் ஒரு பெரிய தோட்டத்தின் வாசலில் காவலாளி அவள் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே மாற்றுப்புடவை, ஜெபமாலை, சணல் உருண்டை. ஆனாலும் மூக்கை விடைத்துக்கொண்டு நின்றான். "பையில இல்லப்பா, அது என் மேல கீது" என்றாள் மேரி. அவன் சிரித்துவிட்டான். அடுத்த நாள் அவனுக்காகவே ஒரு பொட்டலம் வாளைக் கருவாடு வாங்கத் தேடியலைந்ததும், அந்த ஊர் வாளை அவளுக்குப் பிடிக்காமல் போனதும் தனிக் கதை.

இத்தனை ஊருக்கும் அவளைக் கொண்டுபோனது ஒரு காகிதம். கணவர் யேசுதாஸ் பேசின் பிரிட்ஜ் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். அவர் போன பிறகு, வருஷத்துக்கு ஒருமுறை ரயில்வே அவளுக்கு விதவை பாஸ் கொடுத்தது. முதல் பாஸ் கைக்கு வந்த அன்று அவள் கவுண்ட்டரில் கேட்ட கேள்வி இதுதான்: "இத்த வச்சிக்கினு எம்மாந் தூரம் போவலாம்?" மனிதர் உயிரோடு இருந்தவரை ஒரு ரயிலில்கூட அவளை ஏற்றி எங்கும் கூட்டிப்போகவில்லை. வண்டியெல்லாம் திசைமாற்றி அனுப்பியவர், தானும் அசையவில்லை, இவளையும் அசையவிடவில்லை. அந்தக் கோபமோ துக்கமோ, ஹவுரா வரை போய்விட்டாள். அங்கே இறங்கியதும் எங்கே போவதென்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது என்று யாரோ கைகாட்டினார்கள்.

அந்தத் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில், வேலிக்குள், இரட்டைத் தேங்காய் மரம் ஒன்று நின்றது. ஜோடி மரம் பக்கத்தில் இல்லாமல், தனியாக, நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிற பெண் மரம் என்று ஒருவர் அரைகுறைத் தமிழில் விளக்கினார். மேரி அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் நின்றாள். கணவரை அடக்கம் செய்த அன்றுகூட வராத அழுகை அங்கே வந்தது. அழுது முடித்ததும் பையிலிருந்த சணலை எடுத்துத் தோட்டக்காரரிடம் நீட்டி, கையாலேயே சைகை காட்டினாள். அவர் வேலிக்குள் போய் அளந்து கொடுத்தார். அதுதான் முதல் கயிறு. எவ்வளவு பெரிய மரம் என்று ஊரில் யாராவது கேட்டால் காட்டலாம் என்று நினைத்தாள்.

ஊரில் யாரும் கேட்கவில்லை. நாத்தனார்தான் கேட்டாள், வேறு மாதிரி. "அண்ணன் போயி வருசம்கூட திரும்பல. நீ மரம் பாக்க போனியா?"

அடுத்த வருஷம் மேரி "கோயிலுக்குப் போறேன்" என்றாள். அதன் பிறகு பன்னிரண்டு வருஷமும் அதையேதான் சொன்னாள். கோயிலுக்குப் போகிறவளின் கையில் தெருவே வேண்டுதல்களைத் திணிக்கும். மெழுகுவத்திகள், காய்ச்சல்காரப் பிள்ளையின் ஒரு கொத்து முடி, மடித்த சீட்டுகள். ஒன்றைக்கூட அவள் வீணாக்கியதில்லை. எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் ஒரு மாதா கோயிலைத் தேடி, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் மரத்தைப் பார்க்கப் போவாள். "எந்த ஊர் மாதாவா இருந்தா இன்னா, மாதா மாதாதானே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

ஆணியில் தொங்கும் கயிறுகள் பொட்டலம் கட்டத்தான் என்று தெரு நினைத்தது. பக்கத்து வீட்டு நோயல், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஒருநாள் நண்டைக் கட்ட அதிலிருந்து ஒன்றை உருவிவிட்டான். மேரி அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனவள், இரண்டு நாள் அவனிடம் பேசவில்லை. ஒரு முழச் சணலுக்கு இந்தக் கோபமா என்று அவனுக்கு அப்போது புரியவில்லை.

இந்த வருஷம் அவன் மனைவி கரோலினுக்கு எட்டாவது மாதம். இதற்கு முன் இரண்டு முறை, ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. மேரி பாஸ் எழுதி வாங்கிவந்த அன்று, கரோலின் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இன்னொரு கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத் தொட்டில். அதன் காதில் மஞ்சள் நூல்.

"இந்த வாட்டி வேளாங்கண்ணிதானே அத்தே? இத்த உன் கையால அங்க கட்டிடு. அங்கதான் கட்டணும்னு நேந்துக்கினேன்."

மேரி தலையசைத்துவிட்டாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். தலை தானாக அசைந்துவிட்டது.

அவள் கையில் இருந்த டிக்கெட் செங்கோட்டைக்கு. முந்தின வாரம்தான் அதையடுத்த புளியரையிலிருந்து ராசையா போன் செய்திருந்தார். தோப்புக்காரர். ஒன்பது வருஷத்துக்கு முன் மலையடிவாரத்தில் அவர் தோப்பையொட்டிய ஓடைக்கரையில் ஒரு குடைப்பனையைப் பார்க்க மேரி போயிருந்தாள். அப்போது மழை. ஓடை பெருகி மரத்தைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். சணலைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றுவிட்டுத் திரும்பினாள். பார்த்துவிட்டு அளக்காமல் வந்த ஒரே மரம் அது.

"யக்கா, கொடப்பனை பூத்துட்டு. பாக்கணும்னா இந்த வருசமே வந்துருங்க. பூத்துட்டுன்னா பொறவு நிக்காது" என்றார் ராசையா.

வருஷத்துக்கு ஒரு பாஸ். வேளாங்கண்ணி அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். மரம் இருக்காது. பிள்ளையும் அடுத்த வருஷம் வரை காத்திருக்காது. இது அவளுக்குத் தெரியாமலில்லை. தொட்டிலைப் பையின் அடியில் வைத்து, மேலே புடவையை வைத்து, கிளம்பிவிட்டாள்.

புளியரையில் ஓடை வற்றிக் கிடந்தது. மரம் நின்ற கோலத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டாள். உச்சியில், ஆலயத் திருவிழாத் தேரை அப்படியே தூக்கி வைத்தாற்போல, வெண்ணெய் நிறத்தில் கிளை கிளையாய்ப் பூ. தேனீக்களின் இரைச்சல் தரைவரை கேட்டது. பொடிப்பூ உதிர்ந்து அவள் தலையிலும் தோளிலும் விழுந்தது. துடைத்துப் பார்க்கக் கீழே எட்டுகிற ஓலை ஒன்றுமில்லை. மேலே இருந்தவையும் பழுத்துத் தொங்க ஆரம்பித்திருந்தன.

சணலைச் சுற்றினாள். ஆறு முழம் வந்தது.

"எம்மாம் வயசு இருக்கும்?"

"எங்க அய்யா சின்னப்புள்ளையில இருந்து நிக்கி. ஒருக்காதான் பூக்கும் யக்கா. காயைப் பெத்துப் போட்டுட்டு அது போயிரும்" என்றார் ராசையா, சாதாரணமாக.

மேரியின் கை பைக்குப் போனது. புடவைக்கு அடியில் தொட்டில் தட்டுப்பட்டது. பிறகு அவள் அதிக நேரம் மேலே பார்க்கவில்லை. ராசையாவின் வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். அரை வயிறு சாப்பிட்டாள். ஒன்பது வருஷம் காத்திருந்த கயிறு சுருக்குப் பையில் இருந்தது. திரும்பும் வண்டியில் அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்ததோ தொட்டிலை.

வீட்டு வாசலிலேயே கரோலின் நின்றிருந்தாள். "கட்டிட்டியா அத்தே?"

ஒரு தலையசைப்புப் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். மேரி பையைக் கீழே வைத்து, தொட்டிலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"நான் வேளாங்கண்ணி போவலம்மா. செங்கோட்ட பக்கம் ஒரு மரம் பூத்துது. அத்த பாக்க போனேன்."

"மரமா?"

"பன மரம். ஆனா இது வேற."

கரோலின் தொட்டிலையே பார்த்தாள். "போன வருசம் எங்கம்மா குடுத்த மெழுகுவத்தி?"

"மைசூர்ல ஏத்தினேன். அங்க பெரிய கோயில் கீது."

"அதுக்கு முன்னால?"

"திருவனந்தபுரம். எல்லாம் மாதா கோயில்தான்மா. ஒண்ணுகூட நான் வேஸ்ட் பண்ணல."

கரோலின் அழுதிருந்தால் மேரி தாங்கியிருப்பாள். அவள் அழவில்லை. "நாலு நாளா நீ கட்டியிருப்பேன்னு நெனச்சிக்கினு நிம்மதியா தூங்கினேன் அத்தே" என்று மட்டும் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. தொட்டில் மேரியின் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் நோயல் வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். "அவ எதுவும் துன்னல அத்தே. நீ பொய்யாவது சொல்லியிருக்கலாம்."

"பன்னெண்டு வருசமா அதான் சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள் மேரி. "அந்த கயிறெல்லாம் ஊர் ஊரா போயி மரத்த அளந்தது."

அவன் ஆணியில் தொங்கும் கயிறுகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அன்னிக்கு நண்டுக்கு எடுத்தது எந்த ஊரு?"

"கல்கத்தா."

அவன் எழுந்து போனான்.

வேளாங்கண்ணி ரயிலில் இடமில்லை என்றார்கள். பஸ் ஏறினால் மேரிக்கு வாந்தி. அதனாலேயே வாழ்நாளெல்லாம் பஸ்ஸைத் தவிர்த்தவள். மறுநாள் விடிந்ததும் இரண்டு எலுமிச்சம்பழமும் நான்கு பாலித்தீன் பையும் எடுத்துக்கொண்டு கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய் ஏறினாள். பாண்டிச்சேரிக்குள் இரண்டு பை தீர்ந்தது. சிதம்பரத்தில் பக்கத்து இருக்கைக்காரி எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். சீர்காழிக்கு அப்பால் சாலையோரம் வரிசை வரிசையாய்ப் பனைகள் வந்தன. கண்ணை மூடியபடியே இருந்தாள்.

வேளாங்கண்ணியில் கடற்காற்று புடவையைப் பறித்தது. தொட்டில்கள் கட்டும் இடத்தில், கம்பிகளில், நூற்றுக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தன. மரத் தொட்டில், தகரத் தொட்டில், துணித் தொட்டில். மேரி குனிந்து பார்த்தாள். கீழே மணலில் ஐந்தாறு கிடந்தன. காதில் அறுந்த மஞ்சள் நூல். யார் யாரோ எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து கட்டியவை.

கரோலினின் தொட்டிலைக் கம்பியில் வைத்து, மஞ்சள் நூலால் முதலில் கட்டினாள். விரலால் நிமிண்டிப் பார்த்தாள். கருவாட்டுக்காரிக்கு நூலின் பலம் தெரியும். இந்தக் காற்றுக்கு ஒரு வாரம்தான் தாங்கும்.

இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். உள்ளே அந்த ஆறு முழம் மட்டும்தான் இருந்தது. இன்னும் துணி கட்டாத கயிறு. சற்று நேரம் கையில் வைத்திருந்தாள்.

பிறகு கம்பியையும் தொட்டிலையும் சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தாள். குறுக்கே, நெடுக்கே, மறுபடி குறுக்கே. ஆறு முழமும் தீரும்வரை சுற்றினாள். முடிச்சுப் போட்டதும், தெருமுனையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது செய்வதைப் போலவே, இரண்டு கையாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.