ராசு மாமா செத்தது யாருக்கும் தெரியக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னுசாமி வாசற்படிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனைவியின் வாசகர் கூட்டத்துக்குப் போண்டா போட வேண்டும். பெரிய வெங்காயமே போதாதா என்று கேட்டதற்கு, "போன மாசம் வஹீதுன்னிசா ஊட்டுல சின்ன வெங்காயந்தானுங்க போட்டாங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றி, பாறைக்குள் எண்ணூறு அடி இறக்கியும் தண்ணீர் காணாமல் திரும்பி வந்த மனுஷன் அவர். இப்போது ஒரு முறம் வெங்காயத்தில் கண்ணிரண்டும் ஊற்றெடுத்து ஓடிக்கொண்டிருந்தன.

அவருடைய மனைவி கமலவேணி புத்தகம் படிப்பவள் என்பது திருச்செங்கோட்டில் அவர்கள் தெருவுக்கே தெரியும். படித்ததை அன்றைக்கே தெருவுக்குச் சொல்லிவிடுவாள். அதிலும் கதையில் வருகிறவர்களை முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். வயதான ஆம்பளை என்றால் மாமா, விதவை என்றால் சின்னம்மா, கெட்டவன் என்றால் 'அந்தக் கட்டையில போறவன்'. ஆரம்பத்திலிருந்து சொல்லும் பழக்கமும் கிடையாது. நேற்று நடந்ததை இன்றைக்குத் தொடர்கிற மாதிரி நடுவிலிருந்துதான் தொடங்குவாள். ஒரு தடவை பள்ளிபாளையம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளிடம் ஒரு சின்னம்மாவின் கஷ்டத்தைச் சொல்லப்போக, அந்த அம்மாள் அழுதபடியே தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினாள்.

இவ்வளவு இருந்தும், அவள் சிபாரிசு செய்த ஒரு புத்தகத்தையும் யாரும் படித்ததில்லை. படிப்பதற்கு எதையும் அவள் மிச்சம் வைப்பதில்லை.

வாசகர் கூட்டத்தை நடத்துகிறவர் தீனதயாளன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆசை ஆசையாக ஒரு துப்பறியும் நாவல் வாங்கி, பாதி வரைக்கும் வந்திருந்தார். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே கமலவேணி சொன்னாள், "அந்த டாக்டருதானுங்க சார் கொன்னது. அவன் மொகத்தப் பாத்தாலே தெரியலீங்களா?" அந்த நாவல் இன்றைக்கும் அவர் வீட்டில் பாதியில் அடையாளச் சீட்டோடு கிடக்கிறது.

அதற்குப் பிறகுதான் கூட்டத்தில் ஒரு விதி வந்தது. படித்ததைச் சொல்லலாம், முடிவைச் சொல்லக் கூடாது. முதல் தடவை எச்சரிக்கை. மறுதடவை சொன்னால் ஒரு வருஷம் கூட்டத்துக்கு வந்து கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கலாம். எல்லாருக்கும் பொதுவான விதி என்று தீனதயாளன் அறிவித்தபோது எல்லாரும் கமலவேணியைப் பார்த்தார்கள். போன மாதம் அவளுடைய எச்சரிக்கை தீர்ந்துபோயிற்று. ஒரு வருஷம் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

இந்த மாதம் அவள் எடுத்தது மேலட்டையில் கிணறு படம் போட்ட நாவல். மானாவாரிக் காட்டில் ராசு என்கிற விவசாயி கிணறு வெட்டுகிறார். ஊரே சிரிக்கிறது. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். மகளுக்குப் பேசி வைத்த கல்யாணம் நின்றுபோகிறது. சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பக்கத்தை மூடியபோது கமலவேணிக்கு நெஞ்சு தாங்கவில்லை. முகத்தைப் பார்த்ததுமே சின்னுசாமி செருப்பைத் தேடினார். "எனக்குச் சொல்லீராத புள்ள, நானே படிச்சுக்கறேன்" என்று டீக்கடைக்குப் போய்விட்டார். பல வருஷமாக அவர் இப்படித்தான் சொல்கிறார். ஒன்றையும் படித்ததில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. சின்னுசாமியின் அக்கா சென்னியம்மாள், பனமரத்துப்பட்டியிலிருந்து. கமலவேணி அவளை நங்கையா என்று கூப்பிடுவாள்.

"என்ன கண்ணு, குரல் ஒரு மாதிரி கம்முது?"

நங்கையா வாசகர் கூட்டத்தில் இல்லை. அவளிடம் சொன்னால் விதி மீறினதாக ஆகாது. இந்த யோசனை கமலவேணிக்கு ஒரு நொடியில் வந்தது.

"ராசு மாமா போயிட்டாருங்க நங்கையா."

"எந்த ராசு?"

"அவரேதானுங்க. கெணறு வெட்டிக்கிட்டு இருந்தாரே! பொண்டாட்டி கூடக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளே! மகளுக்குப் பேசுன கலியாணங்கூட நின்னுபோச்சே!"

"அட சாமி! எப்புடி?"

"தண்ணி வந்துருச்சுங்க. எல்லாத்தையும் கூப்புட்டாரு. ஒருத்தரும் வர்ல. கெணத்து மேட்டுல அப்புடியே உக்காந்தாரு. அவ்வளவுதான்."

"அய்யோ, அந்தப் புள்ளைக்குக் கலியாணம் ஆச்சா?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க…" என்று கமலவேணி மூச்சு இழுத்தபோது போனில் சார்ஜ் தீர்ந்து கட்டாகிவிட்டது. புத்தகம் என்ற சொல் அந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை. வராதது அவளுக்குத் தெரியவும் இல்லை. மனசு லேசாகி, உளுந்து ஊறப் போடப் போனாள்.

மறுநாள் கூட்டம் முன்னறையில் கூடியது. முதலில் தீனதயாளன் ஒரு பயண நூலைப் பற்றிப் பேசினார். "நல்லா இருக்குது. படிக்கலாம்." மீட்டரில் யூனிட் பார்த்து எழுதுகிறவர் பேச்சு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கும். அடுத்தது வஹீதுன்னிசா. கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஊக்கு தைப்பதற்கும் ஓரம் அடிப்பதற்கும் நடுவில் தலையணை தண்டிக் குடும்ப நாவல்களை முடித்துவிடுவாள். "ஊடு பூரா சண்டைக்கா. படிச்சதும் என் நாத்தனாருக்குக் குடுத்துட்டேன். அவங்களுக்குப் புரியணுமில்ல?" லாரி உதிரிபாகக் கடை தமிழரசு படிப்பது பேய்க்கதை மட்டும். இந்த மாதக் கதையைப் படித்ததிலிருந்து கடைக்குப் பின்னாலிருக்கும் குடோனுக்குத் தனியாகப் போவதில்லை என்று சொல்லி, அதுதான் புத்தகத்தின் தரம் என்றார்.

கமலவேணியின் முறை வந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள். மண் வந்தது, சுக்கான் கல் வந்தது, கரும்பாறை வந்தது. பெண்டாட்டி போனாள். கூலியாட்கள் போனார்கள். ராசு மாமா தனியாக இறங்கினார். பாறையில் காதை வைத்தார்… இந்த இடத்தில் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் பொறுத்துப் பார்த்தார்கள். வெளியே சின்னுசாமி மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணி வந்துச்சா, வர்லியா," என்று விரல் இடுக்கு வழியாகச் சொன்னாள், "நீங்களே படிச்சுக்கங்க."

தீனதயாளன் கை தட்டினார். வஹீதுன்னிசா டீப்பாயிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் கொண்டு போறேன்க்கா. ராத்திரியே பாத்துரணும்." கமலவேணிக்குக் காதெல்லாம் சூடானது. அவள் சொல்லி ஒருத்தி புத்தகத்தை எடுத்திருக்கிறாள்!

அதே நேரத்தில் வாசலில் ஆம்னி வேன் வந்து நின்றது. சென்னியம்மாள் இறங்கினாள். கையில் ரோஜா மாலை, கக்கத்தில் கோடி வேட்டி. வண்டியில் இடம் இருந்ததால் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் துக்கத்துக்குக் கூட வந்திருந்தார்கள். வாசலில் கலைந்து கிடந்த செருப்புகள், உள்ளே நாற்காலி போட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்த ஆட்கள், வாசற்படியில் கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த தம்பி. சென்னியம்மாள் அதற்கு மேல் எதையும் விசாரிக்கவில்லை.

"ஏஞ்சாமி, உனக்கே இப்புடின்னா அவளுக்கு எப்புடி இருக்கும்!" என்று தம்பியின் தலையைத் தடவிவிட்டு உள்ளே நுழைந்தாள். நுழையும்போதே குரல் எடுத்தாயிற்று. "மவராசா! ராசு மவராசா! தண்ணியக் கண்டும் ஒரு வாய் குடிக்காமப் போயிட்டியே!"

கமலவேணி பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினாள். "நங்கையா, நங்கையா, செத்த சும்மா இருங்க!"

"உடு கண்ணு, அழுதாத்தான் ஆறும்" என்று சென்னியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு இன்னும் உரக்க அழுதாள். கூட வந்த பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு ராசு யாரென்று தெரியாது. அதனால் அழுகையில் குறை வைக்கவில்லை.

தீனதயாளன் எழுந்து நின்றார். "யாருங்க தவறிட்டது?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? கெணறு வெட்டிக்கிட்டு இருந்தாரில்லீங்க, ராசு. தண்ணி வந்த அன்னைக்கேங்க! கெணத்து மேட்டுலயே!" என்றாள் சென்னியம்மாள்.

எல்லார் கண்ணும் வஹீதுன்னிசாவின் மடிக்குப் போனது. அவள் மேலட்டையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புத்தகத்தை மெதுவாக டீப்பாயின் மேலேயே வைத்துவிட்டாள்.

"அப்ப பொண்டாட்டி திரும்பி வர்றதில்லீங்களா?" என்றார் தமிழரசு. அவர் அதைத்தான் நம்பியிருந்தார்.

"எங்கீங்க வந்தா? கல்நெஞ்சுக்காரி!" என்றாள் சென்னியம்மாள்.

சின்னுசாமி கையில் அருவாமனையோடு உள்ளே வந்தார். "யக்கா. அது பொஸ்தகத்துல வர்ற ஆளு."

சென்னியம்மாள் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். "பொஸ்தகத்துலயா?"

"ஆமா."

"அப்ப அந்தாளு உசுரோட இருக்கறாரா?"

"எப்பவுமே இருந்ததில்லக்கா."

கூட வந்த பெண்களில் ஒருத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலி தேடினாள். சென்னியம்மாள் மாலையைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள், கடைசியில் கமலவேணியைப் பார்த்தாள்.

"உங்க சித்தப்பன் எழவுக்கு நான் வர்லீன்னு போற எடமெல்லாம் சொல்லிக் காட்டுன. இந்தத் தடவ ஒரு பேச்சு வந்துரக் கூடாதுன்னு முட்டி வலியோட வந்திருக்கறேன். காலைல இருந்து போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கற. எழவு சேதி வந்த ஊட்டுல போன் சத்தம் எங்க கேக்கப் போவுதுன்னு நானே நெனச்சுக்கிட்டேன். உன்னைக் கூட்டிக்கிட்டு ஒண்ணாப் போலாம்னு பாத்தா… பொஸ்தகமா?"

"கூட்டத்துல சார் போனை அமத்தி வெக்கச் சொன்னாருங்க நங்கையா" என்றாள் கமலவேணி.

தீனதயாளனுக்கு இப்போது வேறு கவலை வந்துவிட்டது. விதி என்று ஒன்று இருக்கிறதே. "முடிவு வெளிய வந்துருச்சுங்க" என்றார்.

"அக்கா சொல்லலியே சார்!" வஹீதுன்னிசா குறுக்கே வந்தாள். "சொன்னது இந்தம்மா. இவங்க நம்ம கூட்டத்துலயே இல்ல."

"எந்த வண்டியில வந்து எறங்குனா என்னங்க?" என்றார் தமிழரசு. "லோடு ஏத்துனது யாரு?"

கமலவேணி டீப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னுசாமி சமையலறைக்குப் போய், எண்ணெய் காயவைத்து, போண்டா போட்டு எடுத்து வந்தார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார். வெங்காயம் நன்றாக விழுந்திருந்தது.

இரண்டாவது போண்டாவுக்குப் பிறகு தீனதயாளன் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க, அந்தப் புத்தகத்துல சொல்லாதது இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?"

"அந்த மக கதை இருக்குதுங்க சார்" என்றாள் கமலவேணி.

"சரி. கூட்டம் முடியற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. வர்லீன்னா அடுத்த மாசம் உங்க முறை உங்களுக்கு. வந்துச்சுன்னா ஒரு வருசம் கேக்கறதோட சரி."

கமலவேணி தலையை ஆட்டினாள். முகத்தில் உயிர் வந்தது.

சென்னியம்மாள் இந்த வழக்கைக் கவனிக்கவில்லை. அவளுடைய கோபம் மூன்றாவது போண்டாவில் கொஞ்சம் இறங்கியிருந்தது. விரலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தழைத்துக் கேட்டாள். "செரி, போவுது. நேத்தே கேட்டேன், கட்டாயிருச்சு. அந்தப் புள்ளைக்குக் கலியாணம் ஆச்சா கண்ணு?"

எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். கமலவேணி தட்டிலிருந்த போண்டாவை முழுசாக எடுத்து வாய்க்குள் திணித்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

கமலவேணி மென்றாள்.

"பஸ்ஸுல போறவளுக்கெல்லாம் கூப்புட்டுச் சொல்ற. எழவுக்கு மாலை வாங்கியாந்தவ நானு! எனக்குச் சொல்ல மாட்டியா?"

கமலவேணி புருஷனைப் பார்த்தாள். சின்னுசாமி கீழே விழுந்திருந்த வெங்காயத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். தீனதயாளன் கூரையைப் பார்த்தார். வஹீதுன்னிசா 'வேண்டாம்க்கா' என்பதுபோலக் கண்ணால் கெஞ்சினாள்.

சென்னியம்மாள் எழுந்தாள். மாலையைக் காலி நாற்காலியின் மேல் போட்டாள். டீப்பாயிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கோடி வேட்டியோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கூட வந்தவர்கள் இரண்டு பேரும் தட்டை வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்கள்.

நிலைப்படியில் நின்று ஒரு தடவை திரும்பினாள். "முழுசாச் சொல்ல வேண்டாம். ஆச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

வாயில் இருந்த போண்டா எப்போதோ உள்ளே போயிருந்தது. கமலவேணி வெறும் வாயை மென்றுகொண்டேயிருந்தாள். சென்னியம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முட்டியைப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.