மைனிக்குப் பின்னால் நடந்தவள்

தேவகனியிடம் ஒருவர் முதன்முதலாக ‘ஓடு’ என்று சொன்னபோது அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை அவள் கேட்டு வளர்ந்ததெல்லாம் நில், பார்த்து வா, மெதுவாகப் போ என்பவைதான்.

தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காலனியில், அண்ணன் ஜான்ரோசின் வீட்டில் அவள் இருந்தாள். அண்ணன் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்ச்சேர்ந்துவிட்டதால் அவளை வளர்த்தது மைனி, அண்ணன் மனைவி செல்லபாய்தான். அறிவு வளர்ச்சி குறைவு என்று டாக்டர் சொன்னது எந்தக் காலத்திலோ. ஊரில் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தேவகனியின் பேச்சு இரண்டு மூன்று சொல்லோடு நின்றுவிடும். எண்ணத் தெரியாது. ஆனால் அலுமினியச் சருவம் நிறைய மீனைத் தலையில் ஏற்றிவிட்டால் புதுக்கடைச் சந்தை வரைக்கும் இறக்காமல் சுமப்பாள். வழியிலிருக்கும் வீடுகளுக்கெல்லாம் அவளே பெயர் வைத்திருந்தாள். சாளை வாங்குகிற வீடு சாளை வீடு. நெத்தோலி வாங்குகிற வீடு நெத்தோலி வீடு. விலை மட்டும் கேட்டுவிட்டு வாங்காமல் போகிற வீடு ஒன்று உண்டு. அது சும்மா வீடு. அந்த வீட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். கோபப்பட்டதில்லை.

செல்லபாயின் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்தக் கரையில் குறைவு. ஏலம் கூறுகிறவனே அவள் வருவதைப் பார்த்தால் குரலைத் தாழ்த்துவான். ஆனால் சனிக்கிழமைகளில் தேவகனியை வாசலில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடும்போது அந்த வாய் திறக்காது. தலை முழுவதும் விரலால் அளைந்து, சும்மாடு அழுத்திய இடம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

இருவரும் சந்தைக்குப் போகிற வரிசை ஒருநாளும் மாறாது. முன்னால் செல்லபாய், பின்னால் தேவகனி. அதற்குக் காரணம் உண்டு. செல்லபாய் கல்யாணமாகி வந்த புதிதில், புதுக்கடை வளைவில், சின்னப் பெண்ணாக இருந்த தேவகனி முன்னால் ஓடினாள். எதிரே வந்த பஸ் அவள் பாவாடையை உரசிக்கொண்டு போயிற்று. செல்லபாய் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து அவளை இரண்டு அடி அடித்தாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு, இனி எனக்குப் பின்னால்தான் வரவேண்டும், ஒருக்காலும் முந்தக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். தேவகனி அதை மறக்கவில்லை. செல்லபாய்தான் மறந்துவிட்டாள்.

அஜிதா என்ற டீச்சர் கடற்கரைக்கு வந்தது 2011இல். கருங்கல் பக்கத்தில் சிஸ்டர்மார் நடத்திய பகல்நேர மையத்தில் அவள் விளையாட்டு ஆசிரியை. கொரியாவில் அடுத்த குளிர்காலத்துக்கு அடுத்த குளிர்காலம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான உலகப் போட்டி நடக்கப்போவதாகத் தகவல் வந்திருந்தது. அதில் பனியில் ஓடுகிற பந்தயம் ஒன்று. கால் புதைந்துவிடாமல் இருக்க ஷூவுக்கு அடியில் அகலமான சட்டம் ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடவேண்டும். அப்படி ஒரு ஜோடியை டெல்லியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் பனிக்கு எங்கே போவது? கால் புதைகிற இடம் கடற்கரை மணல்தான் என்று அஜிதா தன் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தேவகனி, ஒரு பையன் காலில் பாட்மிண்டன் மட்டை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்து நின்றாள். சிரித்தாள். சருவத்தை மணலில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, தன் வலது காலை அஜிதாவை நோக்கி நீட்டினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அஜிதா மாட்டிவிட்டாள். அந்தப் பையன் விழுந்து எழுந்து கடந்த தூரத்தை தேவகனி ஒரே மூச்சில் கடந்து, அங்கே நின்ற மையத்து ஆயாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பிறந்ததிலிருந்து தலைச்சுமையோடு மணலில் நடந்த கால்கள் அவை. அன்று மாலையே அஜிதா காலனிக்குப் போய்ச் செல்லபாயிடம் கேட்டாள். சந்தை முடிந்து மத்தியானத்துக்குப் பிறகென்றால் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளைக்குப் பசி தாங்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செல்லபாய் ஒத்துக்கொண்டாள். தேவகனியைவிட டீச்சர் ஐந்தாறு வயது இளையவள் என்பதைப் பார்த்துச் செல்லபாய்க்கு உள்ளூரச் சிரிப்பு.

மாநிலத் தேர்வு சென்னையில் நடந்தது. ஒவ்வொருவராக ஓடவிட்டு நேரம் குறித்தார்கள். தேவகனி எளிதாகத் தேறினாள். தை மாதம் இமாசலத்தில் தேசிய முகாம்.

அண்ணன் ஜான்ரோஸ் அப்போது கரையில் இருந்தார். பெண்பிள்ளை தனியாக அவ்வளவு தூரம் போவதா, ஊர் என்ன சொல்லும் என்று மறுத்தார். செல்லபாய் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“நீங்க வாரக்கணக்குல கடல்ல கெடக்கியளே, நான் போவாண்டாம்னு பறஞ்சேனா? அவ போயிட்டு வரட்டும்.”

அடுத்த நாள் ஜான்ரோஸ் மார்த்தாண்டத்துக்குப் போய்த் தங்கைக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்தார். அது அவளுக்கு இரண்டு அளவு பெரிதாக இருந்தது.

இமாசலத்தில் பனியைப் பார்த்ததும் மற்றவர்கள் கூவினார்கள், உருண்டார்கள். தேவகனி குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடியும் முகர்ந்தாள். மீன் மணம் இல்லாத ஐஸை அவள் அதுவரை கண்டதில்லை.

ஓட்டத்தில் ஒரு குறையும் இருக்காது என்றுதான் அஜிதா நம்பியிருந்தாள். ஆனால் முதல்முறையாக மற்றவர்களோடு சேர்ந்து ஓடவிட்டபோது விஷயம் தெரிந்தது. தேவகனி யாரையும் முந்தவில்லை. முன்னால் போகிறவள் எந்த வேகத்தில் போனாலும் அவளுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் போனாள். முன்னால் இருந்தவள் விழுந்தால் நின்றாள். ஒருமுறை தற்செயலாக இவளே முதலில் வந்துவிட்டாள். உடனே நின்று திரும்பி, மற்றவர்களுக்கு வழி விட்டுக் காத்திருந்தாள். முகாமை நடத்தியவர்கள் நல்லவர்கள். இவ்வளவு பலமுள்ள கால்களை விட மனமில்லை என்றார்கள். அடுத்த முகாமுக்குள் இதைச் சரிசெய்ய முடியுமா பாருங்கள் என்று இன்னொரு ஜோடிச் சட்டத்தையும் கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பி வந்து அஜிதா என்னென்னவோ செய்து பார்த்தாள். எல்லைக்கோட்டில் பிஸ்கட் வைத்தாள். பலூன் கட்டினாள். பையன்களில் மெதுவாக ஓடுகிறவனை முன்னால் விட்டாள். தேவகனி அவனுக்குப் பின்னாலேயே போய், அவன் பிஸ்கட்டை எடுத்துத் தந்ததும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் அஜிதா செல்லபாயிடம் வந்து, பிள்ளைக்குப் போட்டி என்பது புரியவில்லை போலிருக்கிறது, முந்தவே மாட்டேன் என்கிறாள் என்று வருத்தப்பட்டாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் செல்லபாய்க்கு மறந்துபோன சத்தியம் நினைவுக்கு வந்தது. “அவளுக்குப் புரியாம இல்ல டீச்சர்” என்றாள். “நான்தான் முந்தாதேன்னு பறஞ்சு வச்சிருக்கேன்.”

பஸ் கதையை அப்போதுதான் அஜிதா கேட்டாள்.

மறுநாள் சந்தை முடிந்ததும் செல்லபாய் கடற்கரைக்கு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த இன்னொரு ஜோடியைத் தன் காலில் மாட்டச் சொன்னாள். நாற்பத்தைந்து வயது, கனத்த உடம்பு. வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வைகுண்டராஜன் என்ற டீக்கடைக்காரர் கடையை விட்டே வந்துவிட்டார். செல்லபாய் யாரையும் பார்க்கவில்லை. வாத்துபோல் காலை அகட்டி அகட்டி மணலில் நடந்தாள். தேவகனி பின்னால் நடந்தாள். என்னை முந்து என்று செல்லபாய் கத்தினாள். தேவகனி வேகத்தைக் குறைத்தாள். செல்லபாய் இன்னும் மெதுவாக நடந்தாள். அவளும் மெதுவாக நடந்தாள். மூச்சு வாங்கிச் செல்லபாய் மணலில் உட்கார்ந்தாள். தேவகனியும் ஒரு கை தூரத்தில் பின்னால் உட்கார்ந்தாள். கரையே சிரித்தது. தேவகனிக்கும் சிரிப்பு வந்தது. செல்லபாய்க்கு மட்டும் வரவில்லை.

சில நாட்கள் இப்படியே போயின. ஒரு சாயங்காலம் செல்லபாய் முன்னால் நடக்கவில்லை. தேவகனியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். இருவரும் கைகோத்துக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு செல்லபாய் கையை விட்டாள்.

“மக்கா, இனி நீ முன்னால போ. நான் பின்னால வாறேன். நான்தான் பறையுதேன், முந்து.”

தேவகனி அவளையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: “பஸ்?”

செல்லபாய்க்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் இந்தப் பிள்ளை அதை மனசில் வைத்துக்கொண்டுதான் தன் முதுகைப் பார்த்து நடந்து வந்திருக்கிறது.

“இங்க பஸ் வராது மக்கா. ரோட்டுலதான் பஸ். இது மண்ணு. இந்தச் செருப்பு கால்ல கெடந்தா பஸ் வராது, கேட்டியா?”

தேவகனி வலதுபுறம் பார்த்தாள். ஆறு கடலில் சேரும் பொழிமுகம்வரை வெறும் மணல். இடதுபுறம் பார்த்தாள். கடல். பிறகு ஓர் அடி முன்னால் வைத்தாள், திரும்பிப் பார்த்தாள். செல்லபாய் தலையசைத்தாள். இன்னும் ஓர் அடி. அப்புறம் ஓடினாள். எங்கே நிற்கவேண்டும் என்று யாரும் சொல்லாததால், துறைமுகத்துக்காகக் கல் கொட்டிவைத்திருந்த இடம்வரை ஓடிப் போய்விட்டாள். அஜிதா பின்னாலேயே ஓடிக் கூட்டிவர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு செல்லபாய் தினமும் வந்தாள். ஒருநாள் மெதுவாகவும் ஒருநாள் தன்னால் முடிந்த வேகத்திலும் முன்னால் போவாள், தேவகனி முந்துவாள். செல்லபாய் அலுத்தபோது டீச்சர், டீச்சர் அலுத்தபோது பையன்கள். ஊர்க்காரர்களும் சிலர் அந்தச் செருப்பைப் போட்டுப் பார்த்து விழுந்தார்கள். எல்லோரையும் தேவகனி முந்தினாள். முந்துவதற்கு முன்னால் வலதும் இடதும் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விடவைக்க முடியவில்லை. அஜிதா சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

இரண்டாவது முகாமில் அவள் பெயர் அணியில் சேர்ந்தது. 2013 தொடக்கத்தில் அஜிதாவோடு கொரியாவுக்குப் போனாள். கிளம்புகிற அன்று செல்லபாய் பஸ் நிலையம்வரை வந்தாள். பஸ்ஸில் ஏறும்போது பார்த்து ஏறு என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பியவள் அன்று சந்தைக்குப் போகவில்லை. மறுநாள் இரண்டு சருவத்து மீனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். நெத்தோலி வீட்டிலும் சாளை வீட்டிலும் நிறுத்தி, பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். சும்மா வீட்டுக்காரி அன்று அரைக் கிலோ அயிலை வாங்கினாள்.

நூறு மீட்டர் பந்தயத்தை அஜிதா பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள். வேகம் ஒத்தவர்களாகப் பிரித்து ஓடவிடுவது அங்கே வழக்கம். தேவகனியின் பிரிவில் எல்லோரும் அவளைவிட உயரமான பெண்கள். பாதித் தூரம்வரை நான்காவதாகத்தான் வந்தாள். தனக்கு முன்னால் போன பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டு, ஒரு கை தூரத்தில். அப்போது தேவகனி தலையைத் திருப்பி வலதுபுறம் பார்த்தாள், இடதுபுறம் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தினாள். மூன்றாவதாக வந்து, நிற்கத் தெரியாமல் தடுப்பு வலையில் போய் மோதி, எழுந்து சிரித்தாள். வெண்கலப் பதக்கம். இருநூறு மீட்டரில் ஐந்தாவது இடம். அங்கே மூக்கில் நீர் ஒழுகுகிறதென்று நடுவில் நின்று துடைத்துக்கொண்டாள்.

அஜிதா போனில் செல்லபாயிடம், இரண்டு பக்கமும் பார்க்காமல் இருந்திருந்தால் இரண்டாவதாகவே வந்திருப்பாள் என்றாள்.

“பாத்துப் போனதுதான் டீச்சர் நல்லது” என்றாள் செல்லபாய். பிறகு போனை ஜான்ரோசிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஊர் திரும்பியபோது பங்குக் கோவிலிலிருந்து பேண்டு வாத்தியத்தோடு வரவேற்பு கொடுத்தார்கள். பங்குத்தந்தை பேசிக்கொண்டிருக்கும்போதே தேவகனி மேடையில் நாற்காலியில் தூங்கிவிட்டாள். யாரும் எழுப்பவில்லை. அடுத்த வாரமே சந்தைக்குப் போனாள். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். செதிள் ஒட்டும் என்று செல்லபாய் சொல்லியும் கேட்கவில்லை. செதிள் ஒட்டியது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள்.

செல்லபாய்க்கு முழங்கால் வலி வந்துவிட்டதால் இப்போது இருவரும் மினிபஸ்ஸில் போகிறார்கள். மத்தியானங்களில் தேவகனி மையத்துக்குப் போகிறாள். புதிதாக வருகிறவர்களுக்கு ஷூவில் சட்டத்தை மாட்டிவிடுவது அவள் வேலை. வேறு யாராவது மாட்டினால் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவாள். மையத்தில் அவளுக்கு ஒரு சீருடைச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அதையே போட்டுக்கொண்டு போகிறாள்.

பூசை முடிந்து வந்ததும் செல்லபாயின் போன் அடிக்கும். கொரியாவில் தேவகனியோடு ஒரே அறையில் தங்கிய பஞ்சாப் பெண். அவள் பஞ்சாபியில் பேசுவாள், இவள் தேங்காய்ப்பட்டணத்துத் தமிழில் பேசுவாள். இருவரும் சிரிப்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் ம் ம் என்று கேட்டுக்கொள்வார்கள். ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் அது நீளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனை வைத்ததும், அவள் என்னதான் சொல்கிறாள் என்று செல்லபாய் கேட்டாள்.

“குளிருதாம்” என்றாள் தேவகனி.

அது ஜனவரி மாதம். பஞ்சாபில் குளிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.